கல் போடாத மீன்தொட்டியில் அடிக்கழிவை உறிஞ்சி எடுப்பது எப்படி

அடியில் கல்லோ மணலோ போடாத தொட்டிக்குப் பராமரிப்பு குறைவு என்று மீன் கடையில் சொல்வார்கள். பாதிதான் சரி. கல் போட்ட தொட்டியில் கழிவு இடுக்குகளில் இறங்கி ஒளிந்துகொள்ளும். வெறும் கண்ணாடித் தரையில் எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். எடுப்பது சுலபம். ஆனால் எடுக்காமல் விட்டால் நிலைமை கல் தொட்டியைவிட மோசம். கல்லின் மேல் ஒட்டி வாழ்ந்து, கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இங்கே இல்லை; மொத்தச் சுமையும் ஃபில்டரின் தலையில். தண்ணீர் 28 டிகிரியில் இருந்தால், மிஞ்சிய ரத்தப்புழுத் தீவனம் சில மணி நேரத்தில் கொழகொழத்து, தொட்டால் கலங்கும் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதன் பிறகு எந்தக் குழாயாலும் அதை முழுதாக எடுக்க முடியாது.

டிஸ்கஸ், ஒராண்டா மாதிரியான தடித்த கோல்ட்ஃபிஷ், அரோவானா, ஃபிளவர்ஹார்ன் வளர்ப்பவர்களும், குஞ்சு எடுப்பவர்களும், புது மீனைத் தனியே வைத்துப் பார்ப்பவர்களும்தான் பெரும்பாலும் இப்படித் தொட்டி வைப்பார்கள். கீழே சொல்லும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான், குழாயின் அளவு மட்டும் மாறும். கோவை, பொள்ளாச்சியிலிருந்து வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வழியாகப் பாலக்காடு வரை வளர்ப்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. இந்த ஐம்பது கிலோமீட்டருக்குள் தண்ணீர் ஆளுக்கொரு குணம். கழிவை எடுத்த பிறகு எதை ஊற்றுகிறோம் என்பதில்தான் இங்கே பல மீன்கள் சாகின்றன. அதைக் கடைசியில் விரிவாகப் பார்க்கலாம்.

குழாய்

கடையில் கேட்டால் ‘கிராவல் கிளீனர்’ என்று ஒன்றைக் கொடுப்பார்கள்: ஒரு மெல்லிய குழாய், அதன் முனையில் இரண்டு அங்குல அகலத்தில் பிளாஸ்டிக் உருளை. கல் தொட்டிக்கு அது அருமையான கருவி. உருளைக்குள் நீரின் வேகம் குறைவதால் கல் மேலே ஏறாமல் திரும்ப விழும், இலேசான அழுக்கு மட்டும் ஏறும். கல்லே இல்லாத தொட்டியில் அந்த வேகக் குறைவுதான் பிரச்சினை. 12 மி.மீ. குழாயில் 50 மி.மீ. உருளை மாட்டினால் பரப்பு 17 மடங்கு கூடுகிறது. உருளையின் வாயில் வேகம் 17-இல் ஒரு பங்காகிவிடும். ஊறிய தீவன உருண்டை உள்ளேயே சுழன்றுகொண்டு நிற்கும், வெளியே போவது எல்லாம் நல்ல தண்ணீர். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் உருளையைக் கழற்றி வைத்துவிட்டுக் குழாயை மட்டும் பயன்படுத்துங்கள்.

வாங்கப் போகிறீர்கள் என்றால் மீன் கடையே வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப், ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதால் உள்ளே என்ன போகிறது என்று தெரியும், குஞ்சு போனாலும் தெரியும். தொட்டியின் உயரம், அங்கிருந்து தரை வரையான உயரம், கையாளக் கொஞ்சம் தளர்வு எல்லாம் சேர்த்து இரண்டரை மீட்டர் போதும். தேவைக்கு மேல் நீளம் வாங்காதீர்கள். நீளம் கூடக் கூட உரசலில் வேகம் குறையும், நடுவில் வளைந்து மடியவும் செய்யும்.

விட்டம்தான் முக்கியமான முடிவு. தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கும் குழாயின் கீழ் முனைக்கும் மூன்றடி வித்தியாசம் இருந்தால், 15 லிட்டர் பக்கெட் நிரம்ப ஏறத்தாழ ஆகும் நேரம் இது: உள் விட்டம் 16 மி.மீ. என்றால் முக்கால் நிமிடம், 12 மி.மீ. என்றால் ஒன்றரை நிமிடம்; 8 மி.மீ. என்றால் நான்கு நிமிடம். ஏர் பம்புக்குப் போடும் 4 மி.மீ. டியூப் என்றால் அரைமணிக்குக் கிட்டத்தில். இதை வைத்துப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். இன்று எத்தனை லிட்டர் எடுக்கலாம், தரையை நிதானமாகச் சுற்றி வர எத்தனை நிமிடம் வேண்டும்? நான்கடித் தொட்டியின் தரையைப் பதறாமல் எடுக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்கு 12 மி.மீ. சரி, 25 முதல் 30 லிட்டர் போகும். இரண்டடித் தொட்டியில் அதே குழாயைப் போட்டால் தரை முடிவதற்குள் தேவைக்கு மேல் தண்ணீர் போய்விடும். அங்கே 8 மி.மீ. போடுங்கள். அரோவானா, பெரிய ஃபிளவர்ஹார்ன் மாதிரித் தடித்த கழிவு போடும் மீனுக்கு 16 மி.மீ. வேண்டும், சின்னக் குழாய் அடைத்துக்கொள்ளும்.

தொட்டியின் கொள்ளளவு தெரியாதவர்களுக்கு: நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, வந்ததை 28-ஆல் பெருக்கினால் லிட்டர். நான்குக்கு ஒன்றரைக்கு ஒன்றரை என்றால் 250 லிட்டருக்குப் பக்கம்.

வெறும் டியூப் தண்ணீருக்குள் பாம்பு மாதிரிச் சுருளும், சொன்ன இடத்தில் நிற்காது. அதன் தொட்டி முனையில் தொட்டியின் உயரத்தைவிட ஒரு சாண் நீளமான விறைப்பான குழாய் ஒன்றைச் செருகுங்கள். அக்ரிலிக் குழாய் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் வயரிங்குக்குப் போடும் பிவிசி பைப் போதும். வாயை நேராக வெட்டாமல் சாய்வாக, 45 டிகிரியில் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். நேராக வெட்டிய வாய் தரைக் கண்ணாடியோடு முத்தமிட்டு ஒட்டிக்கொள்ளும், ஓட்டம் நின்றுவிடும். சாய்ந்த வாய் ஒட்டாது. சிலிக்கான் பூசிய மூலைக்குள்ளும் நுழையும்.

மறுமுனையில், அதாவது பக்கெட் பக்கம், ஒரு சின்ன வால்வு மாட்டிக்கொண்டால் ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் வசதி. வால்வைத் தொட்டிப் பக்கம் மாட்டாதீர்கள். அங்கே குறுகிய துவாரத்தில் கழிவு அடைபடும், கையும் நனையும். வால்வு இல்லாவிட்டால் கட்டைவிரல் போதும்.

அழுக்கை ஓரிடத்துக்கு வரவழைப்பது

குழாயோடு அழுக்கைத் துரத்திக்கொண்டு தொட்டி முழுக்க அலைபவர்கள்தான் அதிகம். தண்ணீர் தீர்ந்துபோகும், அழுக்கு மிச்சமிருக்கும். அழுக்கு தானே ஒரு மூலைக்கு வந்து சேரும்படி தொட்டியை அமைத்துக்கொண்டால் வேலையில் முக்கால்வாசி குறையும்.

ஃபில்டரிலிருந்து நீர் வெளிவரும் முனையைப் பின்சுவரை ஒட்டி, நீளவாக்கில், சற்றுக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். தண்ணீர் பின்சுவர் வழியே போய், எதிர்ப்பக்கச் சுவரில் மோதி, முன்கண்ணாடி வழியே திரும்பும். ஓட்டம் தளரும் இடத்தில் கழிவு படியும். பெரும்பாலும் அது ஃபில்டர் இருக்கும் பக்கத்து முன்மூலை. ஒரு நாள் விட்டுப் பார்த்தால் குவியல் எங்கே என்று தொட்டியே காட்டிவிடும். நடுத்தரையில் குவிந்தால் முனையை இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திருப்புங்கள். ஏர் ஸ்டோனைக் குவியல் சேரும் மூலையில் போட்டால் சேர்ந்ததையெல்லாம் அது மறுபடி கிளப்பிவிடும், எதிர்மூலைக்கு மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் தரையில் உட்காரும் வகை என்றால் அதன் அடிக்கட்டைக்குக் கீழேதான் நாற்றமெடுத்த கழிவு ஒளிந்திருக்கும். வாரம் ஒருமுறையாவது அதை மெல்லத் தூக்கி அடியில் உறிஞ்ச வேண்டும்.

கழிவு ஒரு பக்கம் ஓடட்டும் என்று தொட்டியின் ஒரு காலுக்குக் கீழே அட்டை வைத்துச் சாய்ப்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. 250 லிட்டர் என்றால் 250 கிலோ. கண்ணாடித் தொட்டி தரையோடு முழுவதும் சமமாகப் படிந்து நிற்க வேண்டும், ஒரு பக்கம் தூக்கினால் அடிக் கண்ணாடியில் முறுக்கு விழுந்து ஒருநாள் கீறும்.

தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் வைத்திருப்பீர்கள். அது வெள்ளையாக இருந்தால் ஒரு நன்மை: சின்னத் துணுக்கும் பளிச்சென்று தெரியும். அடிக் கண்ணாடியின் வெளிப்பக்கம் கறுப்பு ஒட்டினால் தொட்டி அழகாக இருக்கும், ஆனால் கழிவு தெரியாது. டிஸ்கஸுக்குக் கறுப்புப் பின்னணி இன்னொரு விதத்திலும் ஆகாது, உடம்பில் கரும்புள்ளி தூவினாற்போல் நிறம் மாறும். வெளிர்நீலம் நடுவாந்தரம். மீன் தன் நிழலைக் கண்டு தரையில் மோதினால், அடியில் தாள் எதுவும் இல்லாமல் கண்ணாடி பிரதிபலிக்கிறது என்று அர்த்தம்.

எடுக்கும் முறை

தீவனம் போட்டு அரைமணி கழித்து எடுப்பது நல்ல நேரம். மீன் தின்ன வேண்டியதைத் தின்றிருக்கும், மிஞ்சியது இன்னும் கரையத் தொடங்கியிருக்காது.

முதலில் ஹீட்டர், ஃபில்டர், விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கைவிடும் தண்ணீரில் மின்சாரச் சாமான் இருக்கிறது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால் மீன் வாங்கும் முன் அதைப் போட்டிருக்க வேண்டும். ஹீட்டருக்கு இன்னொரு காரணமும் உண்டு: மட்டம் இறங்கிக் காற்றில் நின்றபடி சூடானால், தண்ணீர் மறுபடி பட்டதும் கண்ணாடி வெடிக்கும். கெனிஸ்டர் ஃபில்டரின் (தொட்டிக்கு வெளியே வைக்கும் வகை) உறிஞ்சுகுழாய் தண்ணீருக்கு மேலே வந்துவிட்டால் காற்று புகுந்து பம்பு வெறுமையாய் ஓடும்.

சுவர்க் கண்ணாடியைத் தேய்க்க வேண்டியிருந்தால் இப்போதே செய்யுங்கள். சோப்பு படாத தனி ஸ்பாஞ்ச். தரையில் வழவழப்பாக ஒரு படலம் இருக்கும், வாரத்துக்கு ஒருமுறை அதையும் தேய்த்துவிடலாம். நல்ல பாக்டீரியா போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம்; ஃபில்டருக்குள் இருப்பதோடு ஒப்பிட்டால் இது சொற்பம். அதே நாளில் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் கழுவுவதுதான் தவறு. இரண்டுக்கும் நான்கைந்து நாள் இடைவெளி விடுங்கள்.

தேய்த்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் தொட்டியைச் சும்மா விடுங்கள். பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் தோற்பார்கள். தண்ணீர் சுழல்வது நிற்காமல் குழாயைப் போட்டால் மிதக்கும் தூசியைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். நெடுநேரம் நிறுத்த வேண்டாம், ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். அரைமணிக்குள் எல்லாம் முடியட்டும்.

பக்கெட் தரையில். வெள்ளை அல்லது வெளிர் நிறப் பக்கெட்டாக, மீனுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் டப்பாவும், துணி துவைக்கும் பக்கெட்டும் எத்தனை கழுவினாலும் வேண்டாம். தொட்டியின் கண்ணாடியில் இன்று இறங்க வேண்டிய மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டால் கண் அதைப் பார்த்துக்கொள்ளும், கை தன் வேலையைச் செய்யும்.

வாயால் உறிஞ்சி ஓட்டத்தைத் தொடங்காதீர்கள். ஒரு மடக்கு கழிவுத் தண்ணீர் குடித்த பிறகுதான் பலர் இதைக் கேட்பார்கள். குழாயை முழுவதும் குடிநீர்க் குழாயில் பிடித்து நிரப்பி, இரு முனையையும் விரலால் அடைத்துக்கொண்டு, ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் மறு முனையைப் பக்கெட்டுக்குள்ளும் விட்டு, முதலில் தொட்டி முனையையும் பிறகு பக்கெட் முனையையும் திறக்கவும். உள்ளே பெரிய காற்றுக் குமிழி இருந்தால் ஓடாது. தண்ணீர் குளோரின் கலந்தது என்றால் குழாய்க்குள் இருக்கும் அந்தக் கொஞ்சம் பக்கெட்டுக்குத்தான் போகும், பயமில்லை. கையால் அமுக்கும் ரப்பர் பல்பு வைத்த குழாயும் கிடைக்கிறது. கழிவு பல்புக்குள் போய் அடைக்காத வரை சௌகரியம்தான்.

இனி உறிஞ்சுதல். தூர முனையில் தொடங்கிக் குவியல் மூலையை நோக்கி வாருங்கள். வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: குழாயின் உள் விட்டத்தில் கால் பங்கு. 12 மி.மீ. குழாய்க்கு 3 மி.மீ. அந்த இடைவெளியில்தான் சுற்றிலும் நுழையும் பரப்பும் குழாயின் பரப்பும் சமமாகும். தரையை ஒட்டி வரும் நீர் குழாய்க்குள் இருக்கும் அதே வேகத்தில் வரும். அதற்குக் கீழே போனால் ஓட்டம் திணறும். விரற்கடை உயரத்துக்குத் தூக்கினால் மேலிருக்கும் தெளிந்த தண்ணீரைத்தான் குடிக்கும். சாய்வாக வெட்டிய வாய் என்றால் அதன் கூர்முனையைத் தரையில் தொட்டபடி வைத்து, திறந்த பக்கத்தைக் கழிவை நோக்கித் திருப்பினால் அளவு தானே அமையும்.

கையை வேகமாக அசைத்தால் குழாய்க்கு முன்னால் ஒரு சின்ன அலை கிளம்பி, எடுக்க வேண்டிய கழிவையே தள்ளிவிடும். வினாடிக்கு ஓரிரு சென்டிமீட்டர் போதும். குவியலுக்குப் பக்கத்தில் வந்ததும் நடுவில் குத்தாமல் ஓரத்திலிருந்து அரியுங்கள். நாள்பட்டுப் பஞ்சான கழிவு என்றால் மேலிருந்து செங்குத்தாக இறக்கி அப்படியே நிறுத்துங்கள், அதுவாக உள்ளே வந்து விழும். ஏதாவது ஓரிடத்தில் ஒட்டியிருந்தால் குழாய் முனையாலேயே சுரண்டலாம். கழிவில்லாத இடத்தைக் கடக்கும்போது வால்வையோ விரலையோ அடைத்துக்கொண்டு கடந்தால் நான்கைந்து லிட்டர் மிச்சம்.

ஓட்டம் திடீரென்று மெலிந்தால் வாயில் ஏதோ அடைத்திருக்கிறது. பக்கெட் முனையை விரலால் மூடி, அதைத் தொட்டி மட்டத்துக்கு மேலே ஒருமுறை தூக்கி விரலை எடுங்கள். தண்ணீர் பின்னோக்கி வந்து அடைப்பைத் தள்ளிவிடும். தள்ளிய கழிவு தொட்டிக்குள்தான் விழும், மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

டிஸ்கஸ் குழாயைக் கொத்த வரும், கோல்ட்ஃபிஷ் வாயை உள்ளே விட்டுப் பார்க்கும். பெரிய மீனுக்கு ஆபத்தில்லை, ஆனால் நீண்ட துடுப்பு உள்ளே இழுபட்டுக் கிழியும். மீன் ஒட்டிக்கொண்டால் குழாயை இழுக்காதீர்கள். பக்கெட் பக்கம் விரலை வைத்து ஓட்டத்தை நிறுத்தினால் தானே விடுபடும்.

பக்கெட்டில் கிடக்கும் முனை எகிறி வெளியே வந்து வீடு நனைவது எல்லோருக்கும் நடக்கும் விபத்து. துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டிவிடுங்கள். குழாய் ஓடும்போது போனை எடுக்கப் போகாதீர்கள்.

குஞ்சு இருக்கும் தொட்டி

ஏர் டியூப்தான் இதற்கு. அதன் முனையில் ஒரு மெல்லிய விறைப்புக் குழாய், பழைய பேனா ரீஃபில் உறை அளவில். குஞ்சுகளுக்கு நாளைக்கு நான்கைந்து முறை ஆர்ட்டீமியா (மிக நுண்ணிய இறால் வகைத் தீவனம்) போடுவதால் கழிவும் நாளைக்கு இரண்டு முறை எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விளக்கு வைத்தால் பல இனக் குஞ்சுகள் அந்தப் பக்கம் கூடும், நீங்கள் இருட்டுப் பக்கத்தில் எடுக்கலாம். வாயில் கொசுவலை கட்டும் யோசனை கேட்கச் சரியாகத் தோன்றும். நடைமுறையில் ஒரு நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும், ஒட்டிய குஞ்சு நசுங்கும். வெள்ளைப் பக்கெட்டில் எடுத்து, சற்று நேரம் தெளியவிட்டு, தவறிப் போன குஞ்சுகளை ஒரு கரண்டியால் அள்ளித் திரும்ப விடுவதே மேல்.

சின்னத் தொட்டியில், இரண்டொரு இடத்தில் மட்டும் கழிவு இருந்தால் குழாயே வேண்டாம். மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசிக்குப் பதில் ஒரு சாண் ஏர் டியூப் செருகி, குவியலை உறிஞ்சி எடுத்துவிடலாம். தீவனம் போட்ட ஒவ்வொரு முறையும் இரண்டு சிரிஞ்ச் எடுத்தால் மாலை வேலை பாதியாகும்.

தண்ணீரை வடிகட்டித் திரும்ப ஊற்றலாமா

கோடையில் கிணறு கீழே போகும்போது இந்தக் கேள்வி வரும். தொட்டிக்குள் இயங்கும் பேட்டரி வேக்குவமும், பவர் ஹெட்டின் (தண்ணீருக்குள் வைக்கும் சின்னப் பம்பு) வாயில் துணிப்பை கட்டிய ஏற்பாடும் அதைத்தான் செய்கின்றன. பெரிய கழிவு பையில் நிற்கும், நுண்ணிய தூசி பையைத் தாண்டித் தொட்டிக்கே திரும்பும். பக்கெட்டில் எடுத்த நீரை, ஃபில்டர் பஞ்சு அடைத்த புனல் வழியாக ஊற்றினாலும் அதே கதை. கழிவு கரைவதற்கு முன் எடுத்ததால் பயன் இருக்கிறது. ஏற்கெனவே கரைந்த அம்மோனியாவும் நைட்ரேட்டும் வடிகட்டியில் நிற்காது. ஆகவே தண்ணீர் தட்டுப்பாடான வாரத்தில் மூன்று நாள் இப்படி, நான்காம் நாள் உண்மையான மாற்றம் என்று ஓட்டலாம். மாதக்கணக்கில் ஓட்ட முடியாது. பையை ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். கழிவோடு பையைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டால் எடுத்ததற்கு அர்த்தமில்லை.

எத்தனை நாளைக்கு ஒருமுறை

நாளைக்கு மூன்று நான்கு முறை தீவனம் தின்னும் டிஸ்கஸுக்கும் வளரும் கோல்ட்ஃபிஷுக்கும் தினமும். வளர்ந்த அரோவானாவுக்கும் ஃபிளவர்ஹார்னுக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒருமுறைக்குத் தொட்டியில் பத்து முதல் இருபது சதவீதம். ஏதோ காரணத்தால் இரண்டு மூன்று வாரம் விட்டுப்போயிருந்தால் ஒரே நாளில் பாதியை மாற்றிச் சரிக்கட்ட முயலாதீர்கள், காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

வெள்ளைப்புள்ளி நோய் வந்த தொட்டியில் தினமும் எடுப்பதே வைத்தியத்தில் பாதி. முதிர்ந்த ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்கித் தரையில் படிந்து, அங்கேதான் நூற்றுக்கணக்காகப் பிரிகிறது. 28 டிகிரியில் இது ஒரு நாளைக்குள் முடிந்துவிடும். கல் இல்லாத தரையை நாள் தவறாமல் தேய்த்து உறிஞ்சினால் பிரியும் முன்பே கணிசமானவை பக்கெட்டுக்குப் போய்விடும். மருந்தும் தொடர வேண்டும்.

திரும்ப ஊற்றும் தண்ணீர்

சிறுவாணி அணை பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது, குடிப்பது கோவை. அந்தத் தண்ணீரின் ருசிக்குக் காரணம் கனிமம் குறைவு. மீன்தொட்டியில் பலவீனமும் அதுதான். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுண்ணாம்புக் கணக்கில் ஏழு மில்லிகிராமுக்குச் சற்று மேல். மென்மையான தண்ணீரில் இந்தச் சேமிப்பு சீக்கிரம் தீரும், பிஎச் (அமில-கார அளவு) 6-க்குக் கீழே சரியும், பாக்டீரியா வேலையை நிறுத்தும். கல், மணல், கிளிஞ்சல் எதுவும் இல்லாத தொட்டியில் அதைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை. பாலக்காட்டுக்கு மேற்கே வெட்டுகல் (செம்பாறை) பூமிக் கிணறுகளிலும் இதே குணம், சில கிணறுகளில் ஊற்றும்போதே பிஎச் 6-க்குப் பக்கம். இப்படிப்பட்ட தண்ணீர்க்காரர்கள் ஃபில்டருக்குள் ஒரு துணிப்பையில் கைப்பிடி கிளிஞ்சலோ பவளக் கல் துண்டோ போட்டு வைத்தால் சரிவு நிற்கும். தரை வெறுமையாகவே இருக்கலாம்.

சித்தூர் தாலூகாவின் கிழக்குப் பக்கம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் நேர் எதிர்: கடினமானது, பிஎச் 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ. கோல்ட்ஃபிஷுக்கும் ஃபிளவர்ஹார்னுக்கும் நன்றாகவே ஒத்துவரும். ஆபத்து எங்கே என்றால், கழிவு எடுக்காமல் விட்டுப் பிஎச் சரிந்த தொட்டியில் இந்தத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுவதில். அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் விஷமில்லாத அம்மோனியமாகக் கிடக்கும். 28 டிகிரியில், பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இராது. பிஎச் 8 ஆனால் ஆறேழு பங்கு. அளவு கூடாமலே விஷம் ஒன்பது மடங்குக்கும் மேலாகிறது. ‘புதுத் தண்ணீர் ஊற்றினேன், மறுநாள் காலையில் எல்லாம் செத்துக் கிடந்தது’ என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான். விட்டுப்போன தொட்டியை நாளைக்குப் பத்து சதவீதமாக ஒரு வாரத்தில் மீட்டெடுங்கள், அந்த வாரம் தீவனத்தைப் பாதியாக்குங்கள்.

ஆழ்துளைத் தண்ணீர் வெளியே வரும்போது கரியமில வாயு நிறைந்து, ஆக்சிஜன் குறைந்து இருக்கும். ஒரு டிரம்மில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்தால் வாயு வெளியேறி உண்மையான பிஎச் தெரியும். நகராட்சி, பஞ்சாயத்துத் தண்ணீர் என்றால் அதே ஒரு நாளில் குளோரினும் போகும். அவசரமென்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரினைப் பாட்டிலில் போட்ட அளவுக்குக் கலந்து ஊற்றலாம்.

வெப்பநிலையை மறக்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுக் கணவாய் காயும்போது மாடித் தொட்டியில் மதியத் தண்ணீர் கை வைக்க முடியாமல் கொதிக்கும், அதிகாலையில் பிடியுங்கள். ஜூனில் மழை பிடித்ததும் நேர்மாறு, டிரம் தண்ணீர் தொட்டியைவிட நான்கைந்து டிகிரி குளிர்ந்திருக்கும். வித்தியாசம் இரண்டு டிகிரிக்கு மேல் போக வேண்டாம். தெர்மாமீட்டர் ஐம்பது நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், கையால் தொட்டுப் பார்ப்பது கணக்கில் சேராது.

ஊற்றும்போது தரையில் ஒரு தட்டு வைத்து அதன்மேல் விழும்படி மெல்ல ஊற்றுங்கள், மிச்சம் மீதி தூசி கிளம்பாது. தொட்டியில் கல் உப்பு போட்டிருந்தால் மாற்றிய தண்ணீருக்கு மட்டும் ஈடு செய்யுங்கள்: லிட்டருக்கு 2 கிராம் அளவில் வைத்திருந்து 20 லிட்டர் எடுத்தால் 40 கிராம், தனியே கரைத்து. ஆவியான தண்ணீருக்கு உப்பு சேர்க்கக் கூடாது, உப்பு ஆவியாவதில்லை. மட்டம் ஏறிய பிறகு ஃபில்டர், கால்மணி கழித்து ஹீட்டர்.

குழாயும் கழிவுத் தண்ணீரும்

நோய்த் தொட்டிக்கும் புது மீன் தொட்டிக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும். ஒரே குழாயைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவதுதான் வீட்டில் நோய் பரவும் முதல் வழி. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரை ஓடவிட்டு, இரு முனையும் கீழே தொங்கும்படி நிழலில் மாட்டுங்கள். வெயிலில் ஈரத்தோடு போட்டால் உள்ளே பாசி பிடித்துப் பச்சையாகும். பிடித்துவிட்டால் ஒரு நூலில் சின்ன ஸ்பாஞ்ச் துண்டு கட்டி உள்ளே இழுத்து எடுக்கலாம். குழாய் மலிவு, மஞ்சளித்து விறைத்ததை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். மீன்தொட்டி நீரில் இருக்கும் ஒரு வகை மைக்கோபாக்டீரியம் காயம் வழியாக நுழைந்து மாதக்கணக்கில் ஆறாத கட்டியை உண்டாக்கும்.

பக்கெட்டில் சேர்ந்தது தென்னைக்கும் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல உரம். உப்போ மருந்தோ கலந்திருந்தால் செடிக்கு ஊற்றாமல் கழிவறையில் ஊற்றுங்கள். வாய்க்காலிலோ புழையிலோ கொட்டாதீர்கள், அதில் முட்டையோ குஞ்சோ ஒட்டுண்ணியோ இருக்கலாம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்து ஆறுகளில் வலை போட்டவர்களுக்கு அரபைமா சிக்கியது. அமேசான் மீன் இங்கே வந்தது வளர்ப்பவர்களின் தொட்டியிலிருந்தும் குளத்திலிருந்தும்தான். ஸ்பாஞ்ச் கழுவும் நாளாக இருந்தால் கொட்டுவதற்கு முன் அந்தப் பக்கெட் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து எடுத்துக்கொள்ளுங்கள். குளோரின் குழாய்த் தண்ணீரில் கழுவினால் உள்ளே இருக்கும் பாக்டீரியா செத்து, அடுத்த வாரம் முழுக்க அம்மோனியாவோடு போராட வேண்டியிருக்கும்.